கொழுந்து நிறுவைக்கு ஆப்: சிக்னல் இல்லாத ரோட்டில் எது தாங்கும்?

சிங்கமலைச் சுரங்கம்:
கினிகத்தேனைப் பக்கம் தேயிலைக் கொழுந்து சேகரிக்கும் ஒருவருக்கு ஆப் செய்து கொடுக்க வேண்டும். சிறுதோட்டக்காரர் 140 பேர், லொறி ஒன்று, நிறுக்கிற ஆள் இருவர், ஆளுக்கொரு ஆண்ட்ராய்ட் போன். இப்போது தொங்கு தராசில் நிறுத்து, லொறிக் கொப்பியிலும் தோட்டக்காரரின் கார்டிலும் எழுதுகிறார்கள். மாதம் முடிந்ததும் கொப்பியைக் கூட்டி, அட்வான்ஸ், உரக்கடன், தேயிலைத்தூள், லொறிக்கூலி எல்லாம் கழித்துச் சிட்டை போட நாலைந்து நாள் போகிறது.

என் திட்டம்: ஃப்ளட்டரில் (ஆப் எழுதும் கருவி) ஆப், ஃபயர்பேஸில் (கூகுளின் இணையத் தரவுச் சேவை) தரவு. நிறுத்த கையோடு முதலாளியின் போனில் தெரிய வேண்டும், தோட்டக்காரருக்குத் தமிழில் எஸ்எம்எஸ் போக வேண்டும், புளூடூத் பிரின்டரில் ரசீதுத் துண்டும் வர வேண்டும். பாதி ரோட்டில் சிக்னல் கிடையாது. எங்கே உதைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செக்ரோல்:
ஆப்பைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அவருக்கு நோகிற இடம் மாதக் கடைசி. ரோட்டில் நிறுப்பது நன்றாகத்தான் நடக்கிறது. கொப்பிக்கு சார்ஜ் இறங்காது.

முதல் மாதத்துக்கு கூகுள் ஷீட் போதும். மாலையில் ஒருவர் கொப்பியைப் பார்த்துத் தட்டினால் வரிக்குப் பத்து விநாடி, 140 வரிக்கு 23 நிமிடம். மூன்று தாள் வையுங்கள்: ஆட்கள், நிறுவை, கழிவு. மிச்சத்தை ஆப்ஸ் ஸ்கிரிப்ட் (ஷீட்டுக்குக் கட்டளை எழுதும் வசதி) பார்க்கும். அதில் வழக்கமாக இடறுகிற இடங்கள்:

போன் நம்பர் நிரலை முதலிலேயே வெறும் எழுத்து வடிவமாக மாற்றுங்கள். இல்லாவிட்டால் 077இல் முன்னால் இருக்கிற பூச்சியம் போய்விடும். ஷீட்டின் நாட்டு அமைப்பு அமெரிக்காவாக இருந்தால் 5/12 என்று தட்டியது மே 12 ஆகிவிடும். டிசம்பர் 5 என்று நினைத்துத் தட்டியவருக்கு அது தெரியவே தெரியாது, 13ஆம் திகதி வந்த பிறகுதான் குட்டு உடையும். ஸ்கிரிப்டின் நேர வலயம் தனி அமைப்பு, அதையும் கொழும்புக்கு மாற்ற வேண்டும்.

இன்னொன்று: ஒரு ஓட்டத்துக்கு ஆறு நிமிடம்தான் வரம்பு. கலம் கலமாக வாசித்தால் அதிலேயே நேரம் போய்விடும், முழுத் தாளையும் ஒரே தடவையில் வாசித்து ஒரே தடவையில் எழுதுங்கள். சிட்டையை ஆளுக்கொரு பிடிஎஃப் ஆக்குவதாக இருந்தால், ஒன்றுக்கு நான்கு விநாடி என்றாலும் 140க்கு ஒன்பது நிமிடத்துக்கு மேல். நடுவில் நின்றுவிடும். எத்தனையாவது ஆள் வரை முடிந்தது என்பதைச் சேமித்து வைத்துவிட்டு, அடுத்த ட்ரிகரில் (தானாகத் தொடங்கும் ஓட்டம்) அங்கிருந்து தொடரும்படி எழுத வேண்டும்.

சிங்கமலைச் சுரங்கம்:
அண்ணே, மாதக் கடைசி ஒரு தலைவலிதான். ஆனால் சண்டை வருவது வேறு இடத்தில். கார்டில் 18, கொப்பியில் 16 என்று இருக்கும். யார் எழுதியது சரி என்று சொல்ல வழியில்லை. ஷீட்டில் தட்டினால் அந்தச் சண்டை அப்படியே ஷீட்டுக்கு வருமே?

செக்ரோல்:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம், தம்பி. அப்படியென்றால் ஆப் வேண்டும்தான். ஆனாலும் மாதக் கணக்கை முதலில் ஷீட்டில் ஓட்டிப் பாருங்கள். கழிவு விதிகள் எத்தனை இருக்கின்றன என்பது அப்போதுதான் வெளியே வரும். முதலாளியிடம் வாயால் கேட்டால் நாலு சொல்வார், கொப்பியில் பதினொன்று இருக்கும்.

கூதல்காத்து:
சண்டை எடையைப் பற்றியது என்றால் நீங்கள் செய்யப்போகும் பொருள் ஆப் இல்லை, அந்தத் துண்டுதான். தோட்டக்காரர் கைக்குப் போன துண்டில் என்ன அச்சாகியிருக்கிறதோ, அதுவே போனிலும் முதலாளியிடமும் மாதச் சிட்டையிலும் இருக்க வேண்டும். இதைப் பிடித்துக்கொண்டால் மற்ற முடிவெல்லாம் தன்னால் வரும்.

ஃபயர்பேஸின் தரவுத்தளமான ஃபயர்ஸ்டோர் ஒஃப்லைனில் எழுதிக்கொள்ளும், சரி. ஆனால் சேவரிலிருந்து பதில் வந்த பிறகுதான் எழுதும் கட்டளை முடிந்ததாகக் காட்டும். அதற்காக அவெய்ட் போட்டுக் காத்திருந்தால் சிக்னல் இல்லாத ரோட்டில் திரை சுழன்றுகொண்டே நிற்கும். நிறுக்கிறவர் பதிவாகவில்லை என்று நினைத்து இன்னொரு முறை அமத்துவார், ஒரே மூட்டை இரண்டு தரம் ஏறும். ட்ரான்ஸாக்‌ஷன் (வாசித்து எழுதுவதை மோதாமல் ஒன்றாக முடிக்கும் வசதி) ஒஃப்லைனில் ஓடவே ஓடாது. அதனால் துண்டு நம்பரை அதை வைத்துக் கொடுக்கவும் முடியாது.

நானென்றால் போனிலேயே எஸ்கியூலைட் என்ற சிறு தரவுத்தளம் வைப்பேன். ஒவ்வொரு நிறுவைக்கும் போன் தானே ஒரு யுயுஐடி (வேறெதிலும் வராத நீளமான அடையாள எண்) உண்டாக்கும். அச்சில் போவது வேறு நம்பர்: முதல் போனுக்கு அ-1, அ-2, இரண்டாம் போனுக்கு ஆ-1, ஆ-2. போனுக்குப் போன் தனி வரிசை என்பதால் மோதாது. நடுவில் ஒரு நம்பர் இல்லையென்றால் உடனே தெரியும். அழித்து விளையாடவும் இடமில்லை.

பதிந்த வரியைத் திருத்தும் பொத்தானே வேண்டாம். 18.5க்குப் பதில் 81.5 என்று போட்டுவிட்டால், அதை ரத்துச் செய்யும் வரி ஒன்று, சரியான வரி ஒன்று. இரண்டுக்கும் துண்டு அச்சாகட்டும். ஒரு மூட்டை இத்தனை கிலோவைத் தாண்டினால் ஒரு தடவை கேட்கும்படி வைத்தால் பாதிப் பிழை அங்கேயே நின்றுவிடும்.

அனுப்புவது: போகாத வரிகளை ஐம்பது ஐம்பதாக அனுப்புங்கள். சேவர் பக்கம் யுயுஐடி ஏற்கனவே இருந்தால் பேசாமல் விட்டுவிட வேண்டும், பிழை காட்டக்கூடாது. பாதியில் சிக்னல் அறுந்து அதே ஐம்பதும் திரும்பப் போனாலும் கணக்கு மாறாது. ஏற்றுக்கொண்ட யுயுஐடிகளின் பட்டியல் சேவரிலிருந்து திரும்பி வந்த பிறகே போனில் 'போய்விட்டது' என்று குறிக்க வேண்டும்.

பின்னணியில் தானாகப் போகும் என்று மட்டும் நம்பாதீர்கள். ஆண்ட்ராய்டில் பின்னணி வேலைகளை ஓட்டும் வேர்க்மனேஜரில் திரும்பத் திரும்ப ஓடும் வேலைக்குக் குறைந்த இடைவெளி 15 நிமிடம். சில போன்களில் பற்றரி சேமிப்பு அதையும் கொன்றுவிடும். திரையில் பெரிதாக 'அனுப்பாதவை 37' என்று காட்டி, பக்கத்தில் ஒரு பொத்தான் வையுங்கள். லொறி டவுனுக்கு இறங்கியதும் அமத்தட்டும்.

சிங்கமலைச் சுரங்கம்:
அப்படியென்றால் 'நிறுத்த கையோடு முதலாளி போனில்' என்பதை விட்டுவிட வேண்டும்?

கூதல்காத்து:
விடுங்கள். அவருக்கு வேண்டியது மத்தியானத்துக்குள் மொத்தம் எவ்வளவு, இன்னொரு லொறி தேவையா என்பதுதான். கேட்டுப் பாருங்கள்.

பழைய மடுவம்:
துண்டில் என்ன அச்சாக வேண்டும் என்று யாரும் இன்னும் பேசவில்லை. மொத்த எடை, சாக்குக் கழிவு, தண்ணிக் கழிவு, நிகரம், இந்த நான்கும் தனித்தனியாக வர வேண்டும். நிகரத்தை மட்டும் அச்சடித்தால் பழைய சண்டை புதுக் காகிதத்தில் தொடரும். கழிவு வீதத்தை ஆப்புக்குள் பூட்டி வைக்காதீர்கள். வெயில் நாளுக்கு ஒன்று, மழை நாளுக்கு ஒன்று என்று மாறும். அன்று போட்ட வீதம் அந்த வரியோடேயே சேமிக்கப்பட வேண்டும். அடுத்த மாதம் வீதத்தை மாற்றினால் பழைய வரி அசையக்கூடாது.

எடையைக் கிராமில் முழு எண்ணாகவும் காசைச் சதத்தில் முழு எண்ணாகவும் வையுங்கள். தசமத்தில் வைத்தால் மாதக் கடைசியில் ஒரு சதம் இரண்டு சதம் உதைக்கும். ஒரு சதம் உதைத்தாலும் ஆள் முழுச் சிட்டையையும் சந்தேகப்படுவார்.

அடுத்தது அரைக் கிலோவுக்குக் கீழே வெட்டுகிற பழக்கம். 18.4ஐ 18 என்று எழுதுவது. ஒரு தடவைக்குச் சராசரி கால் கிலோ போகும். மாதம் 26 தடவை கொழுந்து போட்டால் ஆறரைக் கிலோ. கிலோ 200 ரூபாய் என்று வைத்தால் 1300 ரூபாய். கொப்பியில் இது கண்ணில் படாது, ஆப்பில் ஒரே வரிக் கட்டளையாக எழுதிவைத்தால் பச்சையாகத் தெரியும். எங்கே வெட்டுவது என்பதை நீங்களாக முடிவு செய்யாமல் முதலாளியிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தராசு காட்டுகிறபடியே பதிந்து, மாத மொத்தத்தில் ஒரே ஒரு தடவை வெட்டுங்கள் என்பேன். அவர் ஒத்துக்கொள்வாரா என்பது வேறு கதை.

இன்னொரு வேலையும் ஆப் சும்மா செய்து கொடுக்கும். ஃபேக்டரியில் லொறியை எடை போட்டுத் தந்த ரசீதில் உள்ள எடையை மாலையில் ஒரே ஒரு கட்டத்தில் போடச் சொல்லுங்கள். ரோட்டு மொத்தத்துக்கும் அதற்கும் இடைவெளி இருக்கத்தான் செய்யும், வழியில் தண்ணீர் வற்றும். ஆனால் தினமும் ஒரே அளவில் இருக்கிற இடைவெளி ஒரு நாள் திடீரென்று இரட்டிப்பானால் அன்றைய துண்டுகளைப் பார்க்க வேண்டும். அதை மாதக் கடைசியில் கண்டுபிடித்து ஒரு பிரயோசனமும் இல்லை.

அச்சுக்கூடு:
பிரின்டர் விஷயம். 58 மில்லிமீற்றர் பிரின்டரில் அச்சாகும் அகலம் 48 மில்லிமீற்றர், அதாவது 384 புள்ளி. தமிழ் எழுத்தை அப்படியே அனுப்பினால் கேள்விக்குறியோ சீன எழுத்தோ வரும், ஏனென்றால் உள்ளே தமிழ் எழுத்துருவே கிடையாது. துண்டைப் படமாக வரைந்து, புள்ளிகளாக மாற்றி அனுப்ப வேண்டும். ஒரு வரிசைக்கு 384ஐ எட்டால் வகுத்து 48 பைட். 34 புள்ளி உயரமான பத்து வரி என்றால் 340 வரிசை, 16,320 பைட், காகிதத்தில் 42 மில்லிமீற்றர் சொச்சம்.

இதை ஒரே மூச்சில் தள்ளினால் மலிவான பிரின்டரின் நினைவகம் நிரம்பி நடுவில் சில பைட் விழுந்துவிடும். விழுந்த பிறகு வருவதையெல்லாம் அது எழுத்து என்று நினைத்துக் குப்பையாக அச்சடிக்கும். ஒரு முழத்துக்குக் குப்பை ஓடினால் காரணம் இதுதான், பிரின்டர் பழுது இல்லை. படத்தை 48 வரிசைத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் தனித் தலைப்புக் கட்டளை போட்டு, இடையில் 30 மில்லிவிநாடி விட்டு அனுப்புங்கள். இன்னும் குப்பை வந்தால் இடைவெளியைக் கூட்டிப் பாருங்கள்.

எழுத்தோரத்தைச் சாம்பலாக்கி மென்மையாக்கும் வசதியை நிறுத்துங்கள். வெப்பப் பிரின்டருக்குக் கறுப்பு, வெள்ளை இரண்டுதான் தெரியும். மெல்லிய எழுத்தில் 'ஸ்ரீ', 'ணை' எல்லாம் கால் உடைந்து வரும், தடித்த எழுத்தே நல்லது. ஆண்ட்ராய்டின் எழுத்து வரையும் வசதியைப் பயன்படுத்தினால் கொம்பும் காலும் சரியான இடத்தில் விழும். நேரடியாக எழுத்தைக் கோக்கும் பிடிஎஃப் நூலகங்கள் பலவற்றில் 'கொழுந்து' என்பதில் கொம்பு பின்னால் போய் நிற்கும். மாதச் சிட்டையை வெப் பக்கமாகச் செய்து அங்கிருந்து பிடிஎஃப் ஆக்கினால் அந்தத் தொல்லை இல்லை.

ஆண்ட்ராய்ட் 12இலிருந்து புளூடூத் இணைப்புக்குத் தனி அனுமதி கேட்க வேண்டும். பழைய போனில் ஓடிய ஆப் புதுப் போனில் பிரின்டரைத் தொட்டவுடன் விழுந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

எட்டாம்_நம்பர்:
எல்லாவற்றையும் படமாக அனுப்பத்தான் வேண்டுமா? இலக்கத்தைப் பிரின்டரின் சொந்த எழுத்தில் விடலாமே.

அச்சுக்கூடு:
விடலாம், வேகமும் கூடும். 'மொத்தம்', 'கழிவு', 'நிகரம்' என்ற தலைப்புகளை ஒரு தரம் படமாக்கி வைத்துக்கொண்டு, எண்களைச் சாதாரணமாக அனுப்பலாம். ஆனால் படம் ஒரு வரியிலும் எண் அடுத்த வரியிலும்தான் வரும், பக்கத்தில் பக்கத்தில் நிற்காது. துண்டு நீளும். எனக்கு அது பிடிப்பதில்லை.

லயத்து வாசல்:
எஸ்எம்எஸ் பற்றி. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 இடம், தமிழில் 70. தாண்டினால் துண்டுக்கு 67 ஆகக் குறையும், காசும் துண்டுக் கணக்கில்தான். நாம் கண்ணால் எண்ணுகிற எழுத்தை அது எண்ணாது. 'கொழுந்து' நமக்கு நாலு எழுத்து. அங்கே க, ஒகரக் குறி, ழ, உகரக் குறி, ந, புள்ளி, த, உகரக் குறி என்று எட்டு. சில விசைப்பலகையில் ஒகரக் குறியே கொம்பும் காலுமாக இரண்டாகப் பதியும், அப்போது ஒன்பது. அனுப்பும் முன் என்எஃப்சி வடிவத்துக்கு (இப்படி உடைந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோட் வடிவம்) மாற்றிவிடுங்கள். மாற்றாவிட்டால் பெயர் தேடுவதும் உதைக்கும்: கண்ணுக்கு ஒரே 'கோமதி', கணினிக்கு இரண்டு பேர்.

இது சரியாக 62 இடம், ஒரே செய்திக்குள் நிற்கும்:
12/05 கொழுந்து 18.5 கி. கழிவு 1.0. நிகரம் 17.5. இம்மாதம் 203.5

பெயர் போட இடமில்லை, போடவும் தேவையில்லை. ஆனால் ஒரே போன் நம்பரை மூன்று தோட்டக்காரர் கொடுத்திருப்பார்கள் (மகன் கொழும்பில், போன் அவரிடம்). அப்படியான நம்பருக்குத் தோட்டக்காரர் எண்ணை முன்னால் சேருங்கள், எட்டு இடம் மிச்சம் இருக்கிறது. துண்டு கையிலேயே கொடுக்கிறீர்கள் என்றால் தினமும் எஸ்எம்எஸ் எதற்கு? வாரத்துக்கு ஒன்று போதும்.

வாட்ஸ்அப்பில் அனுப்பலாம் என்று யாராவது சொல்வார்கள். அதிகாரபூர்வ வழியில், அந்த ஆள் கடைசியாக எழுதி 24 மணி நேரம் தாண்டிவிட்டால் முன்பே அங்கீகாரம் வாங்கிய வார்ப்புருவைத்தான் அனுப்ப முடியும். திருட்டு நூலகங்களில் ஓட்டினால் நம்பரையே தடை செய்துவிடுவார்கள். முதலாளியின் சொந்த நம்பரில் அந்த விளையாட்டு வேண்டாம்.

சிங்கமலைச் சுரங்கம்:
ஆட்கள் பட்டியல் முதலாளியிடம் வேர்ட் கோப்பாக இருக்கிறது. கொப்பி செய்து ஒட்டினால் ஆங்கில எழுத்தாக வருகிறது. அடையாள அட்டை இலக்கமும் அதில் இருக்கிறது, பழையது புதியது கலந்து.

லயத்து வாசல்:
அது பாமினி, யூனிகோட் அல்லாத பழைய எழுத்துரு. அந்த எழுத்துருவில் 'தமிழ்' என்பது உள்ளே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. மாற்றும் கருவிகள் நிறைய உண்டு. நீங்களே எழுதுவதானால் நீளமான சேர்க்கைகளை முதலில் மாற்றுங்கள், தனி எழுத்தைக் கடைசியில். பாமினியில் கொம்பு முன்னால் தட்டப்படும், யூனிகோட்டில் மெய்க்குப் பின்னால் வர வேண்டும். அந்த இடம் தப்பினால் 'செல்வி'யின் கொம்பு அந்தரத்தில் தொங்கும். 140 பெயர்தானே, மாற்றிய பிறகு ஒரு தரம் கண்ணால் பாருங்கள்.

அடையாள அட்டை: பழையதை 12 இலக்கமாக்க, முன்னால் 19, பிறகு முதல் ஐந்து இலக்கம், பிறகு ஒரு பூச்சியம், பிறகு மிச்ச நான்கு. கடைசி எழுத்து போய்விடும். இதிலிருந்து பிறந்த திகதி எடுப்பதானால் கவனம். பிறந்த வருடத்துக்குப் பின்னால் வரும் மூன்று இலக்கம், அது வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. அந்த நாள் கணக்கு எல்லா வருடத்துக்கும் பெப்ரவரி 29 உண்டு என்று வைத்து எண்ணுவது, மார்ச் 1 எப்போதும் 61. சாதாரண நாட்காட்டி நூலகத்திடம் கொடுத்தால், லீப் இல்லாத வருடத்தில் மார்ச் 1 முதல் பிறந்த எல்லோருக்கும் ஒரு நாள் பிந்தி வரும். பெண்களுக்கு 500 கூட்டியிருப்பார்கள், அதைக் கழித்துவிட்டுப் பாருங்கள்.

செக்ரோல்:
அதைவிட, எடை போட அடையாள அட்டை எதற்கு? தோட்டக்காரர் எண், பெயர், ரோடு போதும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தேவையில்லாததைச் சேர்த்து வைத்துவிட்டு, நிறுக்கிறவரின் போன் தொலைந்த பிறகு முழிக்க வேண்டாம். முதலாளிக்கு வேண்டுமென்றால் அவரது கோப்பிலேயே இருக்கட்டும், ரோட்டுப் போனுக்கு இறங்கக்கூடாது.

கொத்மலை வளைவு:
மாதக் கணக்கைத் தானாக ஓட்ட என்8என் (வேலைகளைக் கோத்துத் தானாக ஓட்டும் மென்பொருள்) வைத்தால் மூன்று விஷயம் கவனியுங்கள். நேர வலயத்தை நீங்களாக மாற்றாவிட்டால் அது நியூயோர்க் நேரத்தில் ஓடும். காலை ஆறு மணிக்கு என்று வைத்தது இங்கே பின்னேரம் மூன்றரைக்கோ நாலரைக்கோ ஓடும், அங்கே கோடைகாலமா குளிர்காலமா என்பதைப் பொறுத்து. இரண்டாவது, குறியாக்கச் சாவியை வேறிடத்தில் எழுதி வையுங்கள். சேவரை மாற்றும்போது அது இல்லையென்றால் சேமித்த கடவுச்சொல் ஒன்றும் திறக்காது, எல்லாவற்றையும் புதிதாகப் போட வேண்டும். மூன்றாவது, ஃபேக்டரி விலை அடுத்த மாதம்தான் தெரியும். அதனால் முதலாம் திகதி எடையை மட்டும் பூட்டுங்கள். விலை வந்த பிறகு காசுக் கணக்கைத் தனி ஓட்டமாக ஓட்டுங்கள். இரண்டையும் ஒன்றாக வைத்தால் மாதா மாதம் கையால் தள்ள வேண்டிவரும்.

எஸ்கியூலைட் கோப்பைப் பிரதி எடுப்பவர்களுக்கு: வால் (WAL) முறையில், அதாவது புதிதாக எழுதுவதை முதலில் பக்கத்துக் கோப்பில் போடும் முறையில், ஓடும்போது பிரதான கோப்பை மட்டும் எடுத்தால் கடைசியாக எழுதியது பக்கத்துக் கோப்பிலேயே நின்றுவிடும். திறந்து பார்த்தால் எல்லாம் இருப்பதுபோல் தெரியும், கடைசி வரிகள் மட்டும் இருக்காது. வக்யூம் இன்டு கட்டளையில் எடுங்கள்.

எட்டாம்_நம்பர்:
ப்ளே ஸ்டோரில் போட வேண்டுமா?

கொத்மலை வளைவு:
இரண்டு போனுக்கா? 25 டொலர் கட்டி, புதுத் தனிநபர் கணக்கென்றால் 12 பேரை 14 நாள் தொடர்ந்து சோதனையில் வைத்திருக்க வேண்டும். ஏபிகே கோப்பை (ஆப்பை நிறுவும் கோப்பு) நேரே போனில் ஏற்றுங்கள். ஆனால் கையொப்பச் சாவியைத் தொலைக்காதீர்கள். அது போனால் பழைய ஆப்புக்கு மேல் புதுப் பதிப்பு ஏறாது. பழையதை அழித்தால் அனுப்பாத எடையும் அதோடு அழியும்.

செக்ரோல்:
சேவர், எஸ்எம்எஸ் கணக்கு இரண்டையும் முதலாளியின் பெயரில், அவருடைய கார்டில் திறக்கச் செய்யுங்கள். உங்கள் பெயரில் வைத்தால் மாதா மாதம் அவருக்கு நீங்கள் கடன் கொடுத்ததாக ஆகும். செய்கூலி வேறு, மாதப் பராமரிப்பு வேறு என்று பிரித்து எழுதுங்கள். கழிவு விதி மாற்றுவது எதில் சேரும் என்பதையும் எழுதுங்கள், அதுதான் அடிக்கடி வரும்.

சிங்கமலைச் சுரங்கம்:
நன்றி எல்லோருக்கும். ஃபயர்பேஸை விட்டாயிற்று. இந்த மாதம் ஷீட்டில் கணக்கு, அடுத்த மாதம் ஒரு ரோட்டில் மட்டும் கொப்பியும் ஆப்பும் சேர்ந்து. மழை பெய்யும்போது தொடுதிரை தானாக இலக்கம் அமத்துகிறதே, அதற்கு ஏதும் வழி உண்டா?

கூதல்காத்து:
ஓடிஜி வயரில் யூஎஸ்பி இலக்க விசைப்பலகை ஒன்றைச் செருகி, போனை உறைக்குள் போடுங்கள். ஆள் எண், எடை, என்டர். எண் தட்டும் நேரத்தில் திரையின் பொத்தான்களை ஆப்பே பூட்டி வைக்கட்டும், நனைந்த கண்ணாடி ஒன்றும் செய்யாது.

பழைய மடுவம்:
ஒன்று விட்டுப்போனது. வெப்பக் காகிதம் அடுப்படிச் சூட்டிலும் பிளாஸ்டிக் கவருக்குள்ளும் மங்கிவிடும். காசு வருவதற்குள் துண்டு வெள்ளையாகிவிட்டால் தோட்டக்காரர் கையில் ஒன்றும் இருக்காது. அதனால் கார்டில் பேனாவால் எழுதுவதை நிறுத்த வேண்டாம். துண்டு நம்பரையும் நிகரத்தையும் எழுதினால் போதும்.